மிலான் மாப்பிள்ளைக்குச் சில்லறை யோசனை

மாப்ளே, உங்க மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி. அத்திபெலேயில பொறந்து வளந்த எவனும் இதுவரைக்கும் செய்யாத ஒரு காரியத்தை நீங்க குடிவந்த வாரமே செஞ்சுட்டீங்க. பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, டைம்டேபிள் எங்க ஒட்டியிருக்குன்னு கம்பத்தைச் சுத்திச் சுத்தி வந்திருக்கீங்க. டீக்கடைக்காரரு வந்து சொன்னாரு. சொல்லும்போது அவரு சிரிக்கவே இல்ல. அவ்வளவு கட்டுப்பாடு அந்த மனுஷனுக்கு.

தப்புன்னு சொல்ல வரல. மிலான்ல தங்கிப் படிச்ச பிள்ளை. அங்க டிராம் எத்தனை நிமிஷத்துல வரும்னு பலகையில ஓடும், ஓடினபடி வண்டியும் வரும். 1928-ம் வருஷத்து மாடல் டிராமை இன்னும் ரோட்டுல விட்டிருக்காங்கன்னு கல்யாணப் பந்தியில சொன்னீங்களே, அன்னிலேர்ந்து எனக்கு அந்த ஊரு மேல தனி மதிப்பு. நூறு வயசை நெருங்குற வண்டியை ஓரங்கட்டாம, பாலிஷ் போட்டு வேலையும் குடுத்து வெச்சிருக்காங்க. இங்க எழுபது தாண்டினா திண்ணையில உக்கார வெச்சுடறீங்க.

அது கிடக்கட்டும். வாடகை கம்மின்னு அத்திபெலேயில வீடு புடிச்சாச்சு. ஆபீஸ் பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டுல. காரு வாங்க மாட்டேன், பொதுப் போக்குவரத்துலதான் போவேன்னு ஒரு கொள்கை வேற. பேத்தி சொன்னா, பெருமையாத்தான் சொன்னா. கொள்கையை வெச்சுக்கிட்டு பிடிஎம் பக்கத்து சில்க் போர்டு வரைக்கும் போய்ச் சேரணும்னா இந்தக் கிழவன் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க. முதல்ல காதுல சொருகியிருக்கிற அந்த வெள்ளைக் குச்சியை எடுங்க. இத்தாலியில வழியெல்லாம் எழுதி வெச்சிருப்பாங்க, படிச்சா போதும். இங்க வழி ஆளுங்க வாயில இருக்கு. காதை அடைச்சுக்கிட்டா பஸ் ரூட்டையே அடைச்ச மாதிரி.

போன்ல பெங்களூர் டவுன் பஸ், அதான் பிஎம்டிசி, அதோட ஆப் இருக்கு, பஸ் நகர்றது மேப்புலயே தெரியுதுன்னு காட்டினீங்க. பாருங்க, பாக்க வேணாங்கல. மேப்புல பஸ் வந்து நிக்கிறதும், நம்ம முன்னாடி வந்து நிக்கிறதும் தனித்தனி நிகழ்ச்சின்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

அத்திபெலே கர்நாடகத்தோட கடைசி வாசல். டோல் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா ஜூஜூவாடி, அது தமிழ்நாடு. அதனால ஒரே ரோட்டுல மூணு கார்ப்பரேஷன் பஸ் வரும். பிஎம்டிசி இங்கேருந்து கிளம்பும்; 360-னு தொடங்குற நம்பரா இருந்தா நம்ம வண்டி. ஓசூர்லேர்ந்து வர்ற தமிழ்நாட்டு பஸ்ஸும் உண்டு. கர்நாடகத்து செவப்பு வண்டியும் உண்டு. வெளியூர் வண்டிங்க நிக்குமா நிக்காதான்னு கண்டக்டர் மொகத்தைப் பாத்தா தெரிஞ்சுடும். படியில நின்னு வெளிய எட்டிப் பாத்தாருன்னா ஏத்திக்குவாரு. உள்ள பாத்துக் காசு எண்ணிட்டிருந்தா கையைக் காட்டி உங்க மரியாதையைக் கெடுத்துக்காதீங்க.

நம்பருக்குப் பின்னாடி ஒரு எழுத்து ஒட்டிக்கிட்டு வரும். அந்த எழுத்துதான் புது ஆளைக் கவுக்கும். அதைவிடப் பெரிய சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. ஏறுறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி: "மேலயா, கீழயா?" ஏதோ சொர்க்கம் நரகம் கணக்கு இல்ல. எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சில்க் போர்டுக்கும் நடுவுல 2010-ல தொறந்த மேம்பாலம், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். சில வண்டி மேல ஏறிடும், சிலது கீழ சிக்னல் சிக்னலா நின்னு போகும். பிடிஎம் போறவருக்கு மேல போறதுதான் லாபம். ஆனா நடுவுல கூட்லு கேட்டுலயோ பொம்மனஹள்ளியிலயோ வேலைன்னா கீழ போறதுலதான் ஏறணும். போன வாரம் நீங்க சிநேகிதரைப் பாக்க பொம்மனஹள்ளிக்குக் கிளம்பி, பாலத்து மேலேர்ந்து பொம்மனஹள்ளியைத் தரிசனம் மட்டும் பண்ணிட்டு சில்க் போர்டுல இறங்கினதா கேள்வி. பக்கத்து சீட்டுக்காரரு அத்திபெலேயிலயே கேட்டாராம், எங்க எறங்கணும்னு. காதுல குச்சி இருந்துச்சு.

உள்ள போனா இன்னொரு பாடம். முன்பக்கம் பொம்பளைங்க, பின்பக்கம் ஆம்பளைங்க. மிலான் டிராம்ல காலி இடம் எங்கயோ அங்க நிக்கலாம். இங்க முன்வாசல்ல ஏறி கம்பியைப் புடிச்சுக்கிட்டு நீங்க நின்ன தோரணையைப் பாத்து, பொம்மசந்திரா கம்பெனிக்கு ஷிப்ட் போற பொண்ணுங்க அத்தனை பேரும் நகர்ந்து வழி விட்டாங்களாம். மரியாதைன்னு நெனச்சுக்கிட்டீங்க. பெரிய மனசு உங்களுக்கு. கூட்டத்துல எறங்கணும்னா அங்க "பெர்மெஸ்ஸோ"ன்னு சொல்லிப் பழகியிருப்பீங்க; இங்க "ஸ்வல்ப ஜாகா பிடி"ன்னு சொல்லுங்க. சொன்னா வழி கிடைக்கும்னு உறுதி இல்ல. சொல்லாம இடிச்சா என்ன கிடைக்கும்னு உறுதியாத் தெரியும்.

இப்போ டிக்கெட்டுக்கு வர்றேன். இதுலதான் உங்க இத்தாலி எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. அங்க பஸ்ல கண்டக்டரே கிடையாதாம். பீடி சிகரெட் விக்கிற கடையில டிக்கெட் விப்பாங்களாம், வாசல்ல பெரிசா ‘டி’ எழுத்து மாட்டியிருக்குமாம். அதை வாங்கி, வண்டியில ஏறி, ஒரு மிஷின் வாயில குடுத்து முத்திரை வாங்கணும். முத்திரை விழுந்தாத்தான் அது டிக்கெட். இல்லாட்டி வெறும் சீட்டு. ஏதோ ஒரு ஊருல நீங்க காசு குடுத்து வாங்கின டிக்கெட்டைப் பத்திரமா பர்ஸுல வெச்சுக்கிட்டு, முத்திரை குத்தாம உக்காந்து, செக்கிங் வந்தவங்ககிட்ட அபராதம் கட்டினீங்கன்னு பேத்தி சொன்னா. டிக்கெட் வாங்காதவனுக்கு அபராதம்னா எங்களுக்குப் புரியும். வாங்கினவனுக்கும் அபராதம்னா அது நாகரிகத்தோட அடுத்த படி.

இங்க அந்தக் கவலை இல்ல. கண்டக்டர் உங்களைத் தேடிக்கிட்டு வருவாரு. நீங்க ஒளிஞ்சாலும் வருவாரு. அவருகிட்ட இருக்கிற ஒரே குறை, சில்லறை இருக்காது. ஐநூறு ரூபா நோட்டை நீட்டினா ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, அதுலயே பாதி பேரு எறங்கிடுவாங்க. மிச்சத்தை டிக்கெட் பின்னாடி பேனாவால எழுதிக் குடுப்பாரு. அந்த எழுத்து இருக்கே, அது ரிசர்வ் பேங்க் கவர்னரு போட்ட கையெழுத்துக்குச் சமானம்னு நெனச்சுக்கிட்டு ஜன்னலோரம் தூங்கினீங்கன்னா மிச்சம் அவருக்கு. சந்தாபுரா தாண்டுறப்பவே ஒரு தடவை கண்ணுல படுற மாதிரி டிக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. எலக்ட்ரானிக் சிட்டியில தொண்டையைச் செருமுங்க. எறங்குறதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடியே கதவுகிட்ட போய் அவரு பக்கத்துல நின்னுடுங்க. வாயால கேக்கவே வேணாம். இப்போ கியூஆர் அட்டையைக் காட்டி போன்லயே வாங்கிக்கறாங்க, அதனால இந்தக் கலை அழிஞ்சுக்கிட்டு வருது. அழியறதுக்குள்ள ஒரு தடவை அனுபவிச்சுடுங்க.

மிலான்ல ஒரு டிக்கெட் 2 யூரோ 20 காசு, 90 நிமிஷத்துக்குச் செல்லும். நாள் முழுக்கன்னா 7 யூரோ 60. நம்ம காசுக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல. பிஎம்டிசியில 2025 ஜனவரியில நூத்துக்கு 15 ஏத்தினப்போ சாதா வண்டியோட நாள் பாஸ் 80 ரூபா ஆச்சு. அதுக்கே ஊரு புலம்புச்சு, நானும் புலம்பினேன். வெனிஸ்ல படகுல ஒரு தடவை போக 9 யூரோ 50 காசுன்னு நீங்க சொன்னப்போதான் புலம்பலை நிறுத்தினேன். ரோட்டுக்குப் பதிலா தண்ணியில போறதுக்கு அவ்வளவு காசா? 2025 மே மாசம் பெஞ்ச மழையில சில்க் போர்டுல அந்த அனுபவம் எல்லாருக்கும் சும்மாவே கிடைச்சுதே.

சும்மான்னதும் உங்க பாட்டி ஞாபகம் வருது. இந்த வீட்டுல பயணம்னா அவளுக்குத்தான் ராஜயோகம். எனக்கு வயசானவன்னு நூத்துக்கு 25 தள்ளுபடி. அவளுக்கு 2023 ஜூன் 11-லேர்ந்து முழுசும் தள்ளுபடி. சக்தின்னு பேரு. கர்நாடகத்து விலாசம் போட்ட அடையாள அட்டையைக் காட்டினா, ஏசி, சொகுசு வண்டியை விட்டுட்டு சாதா அரசாங்க பஸ்ல மாநிலத்துக்குள்ள எங்க வேணா போகலாம். தர்மஸ்தலா போனா, மைசூர் போனா, சாமுண்டி மலை ஏறினா. நான் வீட்டுல நேத்து வெச்ச சாம்பாரை சூடு பண்ணினேன். அது போதாதுன்னு எல்லை தாண்டினா அங்க ஸ்டாலின் 2021 மே மாசமே டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்குக் காசு வேணாம்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. ஓசூர்ல எறங்கி சந்திரசூடேஸ்வரர் மலைக்கோ மார்க்கெட்டுக்கோ டவுன் பஸ் புடிச்சா, அங்க அட்டை கூட யாரும் கேக்கறதில்ல. ரெண்டு முதலமைச்சரு கூடிக்கிட்டு ஒரு கிழவியை ஊரு சுத்த வெக்கிறாங்க மாப்ளே. நடுவுல என்னை யாரும் கேக்கல. ஐரோப்பாவுல லக்சம்பர்க்னு ஒரு நாடு 2020-லேர்ந்து ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் சும்மா விடுதாம். அங்க உங்களுக்கு வேலை கிடைச்சா சொல்லுங்க, நான் வர்றேன்.

ஆனா இதுலயும் உங்க இத்தாலிக் கதை ஒளிஞ்சிருக்கு. சும்மாதானேன்னு டிக்கெட் வாங்காம இருக்கக் கூடாது. சைபர் ரூபாய்க்கு ஒரு டிக்கெட் குடுப்பாங்க, அதை எறங்குற வரைக்கும் கையில வெச்சிருக்கணும். அந்தச் சீட்டை எண்ணித்தான் கார்ப்பரேஷன் அரசாங்கத்துக்கிட்ட பணம் கேக்குது. உங்க பாட்டி அதை மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுப்பா. செக்கிங் வந்தா எடுத்து நீட்டுவா. மிலான் பட்டதாரி கட்டின அபராதத்தை எழுதப் படிக்கத் தெரியாத அவ இதுவரைக்கும் கட்டினதில்ல. ஒப்பிட்டுப் பேசுறதா நெனச்சுக்காதீங்க.

அடுத்தது மெட்ரோ. மஞ்சள் லைன் 2025 ஆகஸ்ட் 10-ம் தேதி பிரதமர் வந்து தொறந்தாரு. ஆர்.வி. ரோடுலேர்ந்து பொம்மசந்திரா வரைக்கும் 16 ஸ்டேஷன், 19 கிலோமீட்டர் சொச்சம். தொறந்தப்போ இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசிக்கு 60 ரூபா. உங்க பிடிஎம் லேஅவுட்டுக்கு அதுல ஸ்டேஷன் இருக்கு. சந்தோஷம்தானே? ஆனா பொம்மசந்திரா நம்ம ஊருலேர்ந்து பத்து கிலோமீட்டருக்கு மேல. ரயிலு நம்மளைப் பாத்துக் கையசைச்சுட்டு அங்கயே திரும்பிடுது. அதனால இங்கேருந்து பஸ், அங்க எறங்கி மாடி ஏறி ரயிலு. மழைக் காலத்துலயும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே தமிழ்நாட்டுக்குக் கிளம்புறப்பவும் இதுதான் புத்திசாலித்தனம். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள்னா ஆபீசுலயே தங்கிடுறதுதான் புத்திசாலித்தனம்.

மிலான்ல லைலாக் கலர் லைன்ல டிரைவரே இல்லாம 2013-லேர்ந்து ரயிலு ஓடுதுன்னு சொன்னீங்க. நம்ம மஞ்சள் லைனும் அந்த ஜாதிதான், ஆளில்லாம ஓடத் தெரிஞ்ச ரயிலு. ஆனா நாம மனுஷங்களை மதிக்கிறவங்க. ஓட்டுநர் வேணாங்கிற ரயிலுல ஆரம்பத்துல ஓட்டுநரையும் உக்கார வெச்சுத்தான் ஓட்டினாங்க. ரயிலு மட்டும்தான் பத்தல. தொறந்தப்போ மூணே ரயிலு, 25 நிமிஷத்துக்கு ஒண்ணு. பாலம் கட்டி, ஸ்டேஷன் கட்டி, பேரு வெச்சு, பெயிண்ட் அடிச்சுட்டு, பெட்டி வர்றதுக்காக நாங்க அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்த காலம் கொஞ்சமில்ல. ரோம்ல சுரங்கம் தோண்டினா பழைய ராஜா காலத்துச் சாமான் வருது, அதனால தாமதமாகுதுன்னு காரணம் சொல்லுவாங்களாம். எங்களுக்கு அப்படி ஒரு கௌரவமான காரணம் கூட இல்ல.

ஓசூர் வரைக்கும் மெட்ரோ வரும், அத்திபெலேயில ஸ்டேஷன் வரும்னு ரியல் எஸ்டேட்காரன் போட்ட பலகையையும் நம்பித்தானே இந்த ஏரியாவுல வீடு பாத்தீங்க? சொல்றேன் கேளுங்க. பொம்மசந்திராவுலேர்ந்து ஓசூருக்கு 23 கிலோமீட்டர், பாதி அவங்க மண்ணு, பாதி நம்ம மண்ணு. சென்னைக்காரங்க ஆய்வெல்லாம் பண்ணினாங்க. அப்புறம்தான் கரண்டுல தகராறு. பெங்களூர் மெட்ரோவுக்கு தண்டவாளத்துக்குப் பக்கத்துல மூணாவது கம்பி, 750 வோல்ட், டிசி. தமிழ்நாட்டுத் திட்டத்துல தலைக்கு மேல கம்பி, 25,000 வோல்ட், ஏசி. ரெண்டும் ஒட்டாதுன்னு 2025 கடைசியில பெங்களூர் மெட்ரோக்காரங்க கையை விரிச்சுட்டாங்க. இத்தனை வருஷமா தண்ணிக்குத்தான் ரெண்டு ஊரும் ஒத்துப்போகாதுன்னு நெனச்சிட்டிருந்தேன். கரண்டுக்கும் ஒத்துப்போகாதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

தண்ணின்னு வாயில வந்துடுச்சு, அதனால வண்டி நின்னுபோற கதையையும் சொல்லிடறேன். உங்க இத்தாலியில பஸ், ரயிலு ஸ்ட்ரைக் அடிக்கடி நடக்கும்னு நீங்க அலுத்துக்கிட்டது ஞாபகம் இருக்கு. ஆனா முன்கூட்டியே தேதி சொல்லிடுவாங்களாம். 1990-ல போட்ட சட்டமாம், அவசியமான நேரத்துக்கு வண்டி விட்டே ஆகணுமாம். மிலான்ல காலைல எட்டேமுக்கால் வரைக்கும் ஓடும், அப்புறம் மத்தியானம் மூணுலேர்ந்து ஆறு வரைக்கும் ஓடும். ஸ்ட்ரைக்குக்கே டைம்டேபிள் போட்ட சனங்க! எங்க வழக்கத்தையும் தெரிஞ்சுக்கோங்க, உங்களுக்கு உதவும். காவிரித் தண்ணித் தகராறு கொதிச்சா தமிழ்நாட்டு பஸ் ஜூஜூவாடியில நின்னுடும், பிஎம்டிசி அத்திபெலேயோட நிறுத்திக்கும். நடுவுல இருக்கிற தூரத்துக்கு அவங்கவங்க காலுதான் கார்ப்பரேஷன். 1991-ல நடந்தோம். 2016 செப்டம்பர்ல பெங்களூர்ல தமிழ்நாட்டு நம்பர் பஸ்ஸுங்களுக்குத் தீ வெச்சப்போ, கைக்குழந்தையும் சூட்கேஸுமா சனங்க இந்த டோலைத் தாண்டி வரிசையா நடந்ததை இங்க நின்னு பாத்தேன். இந்தப் பக்கத்துக் கன்னடக்காரங்களும் தமிழ்க்காரங்களும் சேர்ந்துதான் தண்ணி குடுத்தோம். 2023 செப்டம்பர் பந்துலயும் வண்டி நின்னுச்சு. அதனால வீட்டுல ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கி வெச்சுக்கோங்க. சூட்கேஸுக்குச் சக்கரம் பெரிசா இருக்கட்டும். அந்த சர்வீஸ் ரோட்டுல மிலான் சக்கரம் நூறடி தாங்காது.

ரயிலு இருக்கே தாத்தா, ஆனேக்கல் ரோடுன்னு ஸ்டேஷன் இருக்கே, சேலம் லைன்தானேன்னு கேப்பீங்க. இருக்கு. அந்த ஸ்டேஷனுக்குப் போறதுக்கு ஆட்டோ வேணும். 2025 ஆகஸ்ட்லேர்ந்து முதல் ரெண்டு கிலோமீட்டருக்கு மீட்டர் 36 ரூபா. மீட்டர் போடச் சொன்னா எங்க பக்கத்து ஆட்டோக்காரரு உங்களை ரொம்பப் பாசமாப் பாப்பாரு, நீங்க வெளிநாடுன்னு தெரிஞ்சுடும். சப்அர்பன் ரயிலு வருது, ஹீலலிகேலேர்ந்து ராஜானுகுண்டே வரைக்கும், கனகான்னு பூ பேரு வெச்சிருக்காங்க, 2022-லயே கல்லு நட்டாச்சு. கல்லு நல்லா இருக்கு.

ஆக, திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு முன்னாடி வீட்டை விட்டுக் கிளம்புங்க. 360-ல எது காலியா நிக்குதோ அதுல, மேலயா கீழயான்னு கேட்டுட்டு, பின்பக்கம் ஏறுங்க. மேலன்னா சில்க் போர்டு வரைக்கும் உக்காருங்க. கீழன்னா பொம்மசந்திராவுல எறங்கி ரயிலுக்கு மாறிக்கோங்க. சில்லறை பத்து பத்தா வெச்சுக்கோங்க. சந்தேகம் இருந்தா உங்க பாட்டியையே கூட்டிக்கிட்டுப் போங்க. அவளுக்கு மார்க்கெட்டுல எப்பவும் ஏதாவது வேலை இருக்கும், டிக்கெட் செலவும் இல்ல. டெப்போவுல பாதி கண்டக்டருங்களுக்கு அவளைத் தெரியும். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே ஜன்னல் சீட்டைப் புடிச்சுடுவா. அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு மிலான்ல டிராம் எப்படி வரும்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க. அத்திபெலேலேர்ந்து பிடிஎம் வரைக்கும் தர்மஸ்தலா கதை கேக்க வேண்டியிருக்கும், நடுவுல எறங்க விடமாட்டா.